பழைய லேப்டாப்புக்கு மாற்று டிஸ்க்: பொருத்தம் பார்க்கும் வரிசை

லேப்டாப்பில் டிஸ்க் மாற்றும்போது ஸ்குரூ டிரைவருக்கு வேலை பத்து நிமிடம்தான். மிச்ச நேரமெல்லாம் எந்த டிஸ்க் அதில் பொருந்தும் என்று தீர்மானிப்பதில் போகிறது. முதலில் கெட்டது டிஸ்க்தானா என்று பார்க்க வேண்டும். பிறகு இணைப்பு முனை, டிஸ்க் உட்காரும் இடத்தின் அளவு, பயோஸ் என்று போய், அதற்கப்புறம்தான் கொள்ளளவும் கம்பெனியும் விலையும். வாடிக்கையாளர் இந்த வரிசையைக் கடைசியிலிருந்து தொடங்குவார். தாராவி 90 அடி ரோட்டின் ரிப்பேர் கடைகளில் பேச்சு பெரும்பாலும் “அண்ணாச்சி, ஒரு டிபி டிஸ்க் ஒண்ணு போட்டுத் தாங்க” என்றுதான் ஆரம்பிக்கும். எந்த லேப்டாப், உள்ளே என்ன இருக்கிறது என்பதெல்லாம் பிற்பாடு வரும்.

வரிசை தவறினால் மும்பையில் அரை நாள் வீண். டிஸ்க் வாங்கும் சந்தை லாமிங்டன் ரோடு. கிராண்ட் ரோடு ஸ்டேஷனுக்குக் கிழக்கே, டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று பெயர் மாறிய பிறகும் பழைய பெயரிலேயே எல்லோரும் சொல்லும் தெரு. தாராவியிலிருந்து போகிறவர் மாஹிமில் ரயில் ஏறுவார். செம்பூர்க்காரர் ஹார்பர் லைனில் வந்து வண்டி மாற வேண்டும். வாங்கிவந்த டிஸ்க் பொருந்தாவிட்டால் மறுபடியும் அதே அலைச்சல். சீல் உடைத்த பெட்டியைத் திரும்ப எடுக்கக் கடைக்காரரும் தயங்குவார்.

பழுதுபார்க்கும் மேசைக்கு வரும் லேப்டாப்கள் பெரும்பாலும் மூன்று வகை. பெரிய கம்பெனிகள் கழித்துவிட்டு, ரீஃபர்ப் என்று சந்தைக்கு வரும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் ஆகியவை முதல் வகை. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்து, நெல்லை, தூத்துக்குடிப் பிள்ளைகளோடு மும்பைக்கு வந்து சேர்ந்தவை இரண்டாவது வகை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கல்லூரி மாணவர்கள் வைத்திருக்கும் மெல்லிய புது லேப்டாப்கள் மூன்றாவது. மூன்றுக்கும் டிஸ்க் வேறு, ஆனால் பார்க்கும் வரிசை ஒன்றுதான்.

கெட்டது டிஸ்க்தானா

லேப்டாப் ஆன் ஆகி, டிஸ்க் இல்லை என்று திரை சொன்னால் டிஸ்க் போய்விட்டது என்று முடிவுகட்டுவது வழக்கம். பல மாடல்களில் டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே மெல்லிய ரிப்பன் கேபிள் ஓடுகிறது. மடக்கிய இடத்தில் அது விரிசல் விட்டாலும் இதே அறிகுறிதான். டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாக வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் இந்தச் சந்தேகம் தீரும்.

அங்கே அது தெரிந்தால் அடுத்து ஸ்மார்ட் பதிவுகளைப் படிக்க வேண்டும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியல் இது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் அதைக் காட்டும். நான்கு வரிகளைப் பார்த்தால் போதும். 05 என்ற வரியில் எண் இருந்தால், கெட்ட செக்டர்களுக்குப் பதில் உபரி செக்டர்கள் செலவாகியிருக்கின்றன. சி5, சி6 இரண்டிலும் எண் இருந்தால், படிக்க முடியாத செக்டர்கள் இப்போதே இருக்கின்றன. வேறெதையும் தொடாமல் டேட்டாவை எடுத்துவிட வேண்டும். சி7 மட்டும் ஏறிக்கொண்டே போய் மற்ற மூன்றும் பூஜ்யமாக இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் கேபிள் அல்லது முனை. அங்கே புது டிஸ்க் போட்டாலும் பழைய தொல்லை தொடரும்.

கடலோர ஊரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கின் அடியில் உள்ள பச்சைப் பலகையை நட்சத்திர வாய் ஸ்குரூக்களைக் கழற்றிப் புரட்டினால், ரீடிங் ஹெட்டுக்கும் மோட்டாருக்கும் போகும் சின்னச் சின்ன உலோகப் பட்டைகள் தெரியும். பளபளப்பாக இருக்க வேண்டிய அவை ஈரக்காற்றில் சில வருடங்களில் கறுத்துப்போகின்றன. பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, பலகையைத் திரும்ப மாட்டினால் சில டிஸ்க்குகள் மறுபடி பேசத் தொடங்கும். அது நிரந்தரச் சிகிச்சை ஆகாது. டேட்டாவை நகல் எடுக்கக் கிடைத்த அவகாசம் என்று எடுத்துக்கொள்வதே சரி.

மழையில் நனைந்த டிஸ்க்குக்கு இந்த வைத்தியம் செல்லாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பெய்தது. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், கிங்ஸ் சர்க்கிள், சயான் பக்கம் தரைத்தள வீடுகளில் மழைக்காலத்தில் தண்ணீர் ஏறுவது புதிதில்லை. ஹார்ட் டிஸ்க்கின் உடலில் “மூடாதே” என்று எழுதிய ஒரு சிறு துளை இருக்கும். உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் சமமாக இருக்க வைத்தது. தண்ணீருக்கும் அதுவே வாசல். நனைந்த டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுத்துப் பார்க்கவே கூடாது. டக், டக் என்று சீராகச் சத்தம் போடும் டிஸ்க்குக்கும் அதே விதிதான். டேட்டா முக்கியம் என்றால் இரண்டும் டேட்டா மீட்பு லேபுக்குப் போக வேண்டியவை.

இணைப்பு முனை

லேப்டாப்களில் வழங்கும் 2.5 அங்குல டிஸ்க் 1988-ல் 20 எம்பி கொள்ளளவோடு சந்தைக்கு வந்தது. அகலம் ஏறக்குறைய 70 மி.மீ., நீளம் 100 மி.மீ. என்ற அளவு அப்புறம் மாறவே இல்லை. மாறியது முனை. முதல் பதினைந்து வருடங்களுக்கு மேல் 44 ஊசிகள் கொண்ட ஐடிஇ முனை இருந்தது. 2003-ல் வெளிவந்த சாட்டா அடுத்த சில வருடங்களில் அதன் இடத்தைப் பிடித்தது. சாட்டாவில் ஊசி கிடையாது. டேட்டாவுக்கு 7, மின்சாரத்துக்கு 15 என்று இரண்டு தட்டையான நாக்குகள். ஐடிஇ முனையில் சாட்டாவோ, சாட்டாவில் ஐடிஇயோ நுழையாது என்பதால் இங்கே தவறு நேர்வது அரிது.

ஐடிஇ லேப்டாப்கள் இப்போதும் எப்போதாவது வருகின்றன. பழைய கணக்குகளையோ, ஏதோ ஒரு எந்திரத்தை இயக்கும் பழைய மென்பொருளையோ விடமுடியாதவர்கள் கொண்டுவருவார்கள். புதிய ஐடிஇ டிஸ்க் சந்தையில் கிடைப்பது அரிது. எம்சாட்டா என்ற சிறு எஸ்எஸ்டி அட்டையை 44 ஊசி முனையாக மாற்றும் சின்னப் பலகை ஒரு வழி. ஐடிஇ லேப்டாப்களில் கொள்ளளவுக்கும் உச்சவரம்பு உண்டு: 28 பிட் முகவரி மட்டும் தெரிந்த பழைய பயோஸ் 137 ஜிபிக்கு மேல் பார்க்காது. 120 ஜிபியோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

சாட்டாவில் 1.5, 3, 6 கிகாபிட் என மூன்று தலைமுறைகள் இருந்தாலும் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகும். 6 கிகாபிட் எஸ்எஸ்டியை 3 கிகாபிட் லேப்டாப்பில் போட்டால் வினாடிக்கு 550 எம்பி வரவேண்டிய இடத்தில் 270 சொச்சம் வரும். அதுவே பழைய ஹார்ட் டிஸ்க்கைவிடப் பல மடங்கு. 5400 சுற்று டிஸ்க் ஒரு முறை சுற்ற 11 மில்லிவினாடி ஆகிறது. கேட்ட இடம் தலைக்குக் கீழே வர அது ஒவ்வொரு முறையும் காத்திருக்கிறது. எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு எதுவும் இல்லாததால் அந்தக் காத்திருப்பும் இல்லை. பழைய லேப்டாப்பில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது இதனால்தான். “என் லேப்டாப் பழசு, எஸ்எஸ்டி ஏற்காது” என்று வருபவருக்குச் சாட்டா முனை இருந்தாலே போதும்.

சில மாடல்களில் டிஸ்க்கின் சாட்டா முனைமேல் கம்பெனியின் சொந்த மாற்றுமுனை ஒன்று செருகியிருக்கும். டிஸ்க்கின் அங்கம்போலவே தெரிவதால் பழைய டிஸ்க்கோடு சேர்த்துக் குப்பையில் போடுவோர் உண்டு. அதையும் கேடி எனப்படும் உலோகச் சட்டத்தையும் அதன் ஸ்குரூக்களையும் பழைய டிஸ்க்கிலிருந்து எடுத்துப் பத்திரப்படுத்தினால்தான் புதியதை மாட்ட முடியும்.

உயரம்

முனை சரியாக இருந்தும் டிஸ்க் திரும்பிப்போவதற்கு முக்கியக் காரணம் உயரம். 2.5 அங்குல டிஸ்க்குகள் 5, 7, 9.5, 12.5, 15 மி.மீ. உயரங்களில் வந்திருக்கின்றன. லேப்டாப்களில் நீண்டகாலம் 9.5 வழங்கியது, பிறகு 7 வந்தது. திங்க்பேட் எக்ஸ்220, எக்ஸ்230 இரண்டும் 7 மி.மீ. மட்டுமே ஏற்பவை. அவற்றில் 9.5 டிஸ்க்கைத் திணித்தால் அடிமூடி மூடாது. பெட்டியின் மேல் ஒரு டிபி என்று பெரிதாகவும் 9.5 மி.மீ. என்று பொடியாகவும் அச்சிட்டிருப்பார்கள். வாங்குபவர் கண்ணில் படுவது பெரிய எழுத்து.

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. 9.5 இடத்தில் 7 மி.மீ. எஸ்எஸ்டி தாராளமாக நுழையும், ஆனால் இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி மிச்சமிருக்கும். கேடி இல்லாமல் நேரடியாகச் செருகும் லேப்டாப்பில் டிஸ்க் அந்த இடைவெளியில் ஆடி, சாட்டா முனை மேலும் கீழும் அசையும். கடையில் ஓட்டிக் காட்டும்போது சரியாக ஓடிய லேப்டாப், லோக்கல் ரயிலில் தோள்பையில் குலுங்கிப் போன ஒரு வாரத்தில் டிஸ்க் இல்லை என்று திரும்பி வரும். 2.5 மி.மீ. தடிமனில் ஒரு பிளாஸ்டிக் சட்டம் சில எஸ்எஸ்டிகளோடு பெட்டியிலேயே வரும். அதை எஸ்எஸ்டியின் மேல் ஒட்டினால் இடைவெளி அடைபடும். அது இல்லாதபோது மின்சாரம் கடத்தாத திண்டு எதையாவது வைத்து இறுக்கலாம். அட்டையை மடித்து வைப்பது மழைக்காலத்தில் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

15 மி.மீ. டிஸ்க்குகள் இன்னொரு பொறி. 3, 4, 5 டிபி 2.5 அங்குல டிஸ்க்குகள் இந்த உயரத்தில்தான் இருக்கின்றன. அவை வெளி டிஸ்க் பெட்டிகளுக்கானவை. சாதாரண லேப்டாப்பில் நுழையாது. வெளி டிஸ்க்கை உடைத்து உள்ளிருப்பதை லேப்டாப்பில் போடலாம் என்ற யோசனையும் பெரும்பாலும் பலிப்பதில்லை: பல வெளி டிஸ்க்குகளில் சாட்டா முனையே இல்லாமல் யுஎஸ்பி முனை பலகையிலேயே பதிந்திருக்கிறது. லேப்டாப்புக்கு ஹார்ட் டிஸ்க்தான் வேண்டும் என்றால் 7 மி.மீ. உயரத்தில் 2 டிபியே நடைமுறை எல்லை. அதிலும் ஓடுகள் அடுக்கியதுபோல் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் எஸ்எம்ஆர் வகையே அதிகம். படம், பாட்டு சேர்த்துவைக்க அது போதும். விண்டோஸை அதில் நிறுவினால் திரும்பத் திரும்ப எழுதும் வேலையில் தடுமாறும்.

டிவிடி டிரைவ் இருக்கும் லேப்டாப்பில் இரண்டையும் வைத்துக்கொள்ள ஒரு வழி உண்டு. எஸ்எஸ்டியை டிஸ்க் இடத்திலும், பழைய ஹார்ட் டிஸ்க்கை டிவிடி இடத்துக்கான கேடியிலும் போடலாம். இந்தக் கேடியும் 9.5, 12.7 மி.மீ. என இரண்டு உயரங்களில் விற்கிறது. டிவிடி டிரைவை அளந்துவிட்டே வாங்க வேண்டும்.

எம்.2 அட்டைகள்

மெல்லிய லேப்டாப்களில் 2.5 அங்குல இடமே கிடையாது. சூயிங்கம் பட்டைபோல் ஒரு பலகை மதர்போர்டில் செருகியிருக்கும். முதலில் வந்தது எம்சாட்டா, பிறகு எம்.2. எம்.2 அட்டையின் அளவு அதன் எண்ணிலேயே இருக்கிறது: 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். 2242, 2230 என்பவை குட்டையானவை. ஸ்குரூ பிடிக்கும் இடம் 42 மி.மீட்டரில் இருந்தால் 80 மி.மீ. அட்டைக்கு அங்கே வழியில்லை. நீண்ட இடத்தில் குட்டை அட்டையைப் போட நீட்டிப்புத் தகடு கிடைக்கிறது.

நீளம் பொருந்திய பிறகும் மொழி பொருந்த வேண்டும். ஒரே உருவத்தில் இருக்கும் இந்த அட்டைகளில் ஒன்று சாட்டாவில் பேசும், மற்றொன்று பிசிஐஇ தடத்தில் என்விஎம்இ முறையில் பேசும். அட்டையின் தங்கப்பல் வரிசையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. ஒரே வெட்டு இருந்து அது ஐந்து பல் மட்டும் உள்ள ஓரத்தை ஒட்டியிருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. இரண்டு வெட்டு அட்டை இரண்டு வகைச் சாக்கெட்டிலும் நுழைந்துவிடும் என்பதால், நுழைந்தது என்பது வேலை செய்யும் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. சில லேப்டாப்களின் எம்.2 சாக்கெட்டில் சாட்டா மட்டும் இணைந்திருக்கும், சிலவற்றில் பிசிஐஇ மட்டும், சிலவற்றில் இரண்டும். உள்ளே ஏற்கனவே இருக்கும் அட்டையின் லேபிளைப் படிப்பதும், அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பார்ப்பதுமே நம்பகமான வழிகள். திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் மூன்றுக்கும் மேனுவல் கம்பெனியின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

இருபுறமும் சிப் பதித்த தடித்த அட்டையை மிக மெல்லிய லேப்டாப் ஏற்காது. மேஜைக் கம்ப்யூட்டருக்கான ஹீட்சிங்க் ஒட்டிய அட்டையும் அப்படியே. சாக்கெட்டில் செருகியதும் அட்டை சாய்ந்து நிற்கும். அதைப் படுக்கவைத்துப் பிடிக்கும் குட்டி ஸ்குரூ தொலைந்துபோனால் டேப் ஒட்டிச் சமாளிக்கக் கூடாது, சூட்டில் பசை இளகிவிடும்.

2016-க்குப் பிந்தைய பல மேக்புக்குகளிலும், 32 அல்லது 64 ஜிபி இஎம்எம்சியோடு வரும் மலிவு லேப்டாப்களிலும் சேமிப்பு மதர்போர்டிலேயே பற்றவைத்திருக்கிறது. அங்கே மாற்று டிஸ்க் என்ற பேச்சே இல்லை. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது வாடிக்கையாளருக்குச் செய்யும் உபகாரம்.

பயோஸ்

இயந்திரப் பொருத்தம் முடிந்த பின் பயோஸ். 2014-க்கு முந்தைய லேப்டாப்கள் பெரும்பாலானவை என்விஎம்இ டிஸ்க்கிலிருந்து பூட் ஆகா. ஒரு காலத்தில் சில மாடல்கள் அந்நிய டிஸ்க்கைப் பார்த்தாலே முறைத்தன: திங்க்பேட் டி43-ல் தயாரிப்பாளரின் ஃபர்ம்வேர் இல்லாத டிஸ்க்கைப் போட்டால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் 2010 என்ற எச்சரிக்கை எண் வரும். இப்போது அந்தத் தொல்லை அரிது.

இன்று அதிகம் குழப்புவது விஎம்டி என்ற இன்டெல் சேமிப்பு அமைப்பு. 11-ஆம் தலைமுறை இன்டெல் முதல் பல லேப்டாப்களில் இது ஆன் ஆகியிருக்கிறது. புது என்விஎம்இ டிஸ்க்கைப் போட்டு விண்டோஸ் நிறுவப் போனால், டிஸ்க் எதுவும் இல்லை என்று காட்டும். டிஸ்க் பழுது என்று திருப்பிக் கொடுக்க ஓடுபவர்கள் உண்டு. லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து இன்டெல் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, நிறுவும் பென்டிரைவில் போட்டு ஏற்றினால் டிஸ்க் தெரியும். பயோஸில் விஎம்டியை அணைத்தும் நிறுவலாம். ஆனால் ஏற்கனவே நிறுவிய விண்டோஸில் அதை மாற்றினால் நீலத்திரைதான்.

டேட்டா இடமாற்றம்

பழைய டிஸ்க் உயிரோடு இருந்தால் அதை அப்படியே நகலெடுக்கலாம். இங்கே கொள்ளளவு கணக்கில் ஒரு சறுக்கல் உண்டு. பழைய டிஸ்க் 500 ஜிபி, அதில் நிரம்பியது 120 ஜிபி. வாங்கிவந்த எஸ்எஸ்டி 480 ஜிபி. டேட்டா தாராளமாகக் கொள்ளும், ஆனால் க்ளோனெசில்லா போன்ற மென்பொருள் புது டிஸ்க் சிறியது என்று மறுத்துவிடும். விண்டோஸ் கணக்கில் பழையது 465, புதியது 447. பழைய டிஸ்க்கின் பார்ட்டிஷனைச் சுருக்கி, மிச்ச இடத்தைக் காலியாக விட்ட பிறகே நகல் ஓடும். சி5 எண் உள்ள டிஸ்க்கில் சுருக்கும் வேலையைச் செய்யக் கூடாது. கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவ வேண்டும்.

விண்டோஸ் 8 முதல், கம்பெனி நிறுவிக் கொடுத்த லேப்டாப்களில் லைசென்ஸ் எண் பயோஸிலேயே பதிந்திருப்பதால் டிஸ்க் மாறினாலும் அது போகாது. விண்டோஸ் 7 காலத்து லேப்டாப்பில் அடிப்பக்க ஸ்டிக்கர்தான் சாட்சி. புது லேப்டாப்களில் பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்று டிஸ்க்கைக் கழற்றும் முன்பே கேட்டுவிட வேண்டும். 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் அந்த டிஸ்க்கை வேறெங்கும் படிக்க முடியாது.

கம்பெனியும் விலையும்

ஹார்ட் டிஸ்க் தயாரிப்பில் இன்று மிஞ்சியவை சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா மூன்றே. ஃபுஜிட்சுவின் டிஸ்க் தொழில் 2009-ல் தோஷிபாவுக்கும், சாம்சங்கினுடையது 2011-ல் சீகேட்டுக்கும், ஹிட்டாச்சியினுடையது 2012-ல் வெஸ்டர்ன் டிஜிட்டலுக்கும் போயின. ஆகவே ஃபுஜிட்சு பெயரில் “புது டிஸ்க்” என்று யாராவது நீட்டினால் அது பழையதாகத்தான் இருக்க முடியும்.

லேப்டாப்களிலிருந்து கழற்றிய டிஸ்க்குகளும் லாமிங்டன் ரோட்டில் தாராளமாகக் கிடைக்கும். அவற்றில் ஓடிய மணி நேரக் கணக்கைப் பூஜ்யமாக்கிவிடுவதும் நடக்கிறது. மென்பொருளை நம்புவதைவிடக் கண்ணை நம்பலாம். பக்கவாட்டு ஸ்குரூ துளைகளில் மரை உரசிய வெள்ளிக் கோடு தெரிகிறதா, சாட்டா நாக்கின் தங்கப்பூச்சில் செருகிக் கழற்றிய கீறல் இருக்கிறதா, லேபிளில் உள்ள தயாரிப்புத் தேதி எது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே கதை தெரிந்துவிடும். முன்பு வைத்திருந்தவர் போட்ட ஹார்ட் டிஸ்க் பாஸ்வேர்டோடு வருபவையும் உண்டு. அந்தப் பூட்டு டிஸ்க்கோடு சேர்ந்தது. லேப்டாப்பை மாற்றினால் திறக்காது.

புதியது வாங்கும்போது 18 சதவீத ஜிஎஸ்டியோடு பக்கா பில் கேட்பதே லாபம். பில் இல்லாமல் குறையும் பணம் வாரண்டியில் போய்விடும். சீரியல் எண்ணைக் கம்பெனித் தளத்தில் போட்டால் வாரண்டி இந்தியாவில் செல்லுமா, எதுவரை செல்லும் என்று கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

பழைய டிஸ்க்

மாற்றி முடித்த பின் பழைய டிஸ்க்கை வாடிக்கையாளர் கையிலேயே கொடுப்பதுதான் முறை. ஃபார்மேட் செய்தாலும் கோப்புகளைத் திரும்ப எடுக்க முடியும் என்பதால், விற்கவோ கழிக்கவோ போகும் ஹார்ட் டிஸ்க்கை முழுவதும் ஒரு முறை பூஜ்யத்தால் எழுதி அழிக்க வேண்டும். எஸ்எஸ்டிக்குத் தயாரிப்பாளரின் செக்யூர் எரேஸ் வேண்டும். ஓடவே ஓடாத டிஸ்க்கைப் பிரித்துத் தட்டுகளை உடைத்துவிடலாம். கண்ணாடித் தட்டுகள் சில்லாகச் சிதறும் என்பதால் துணியில் சுற்றியே அடிக்க வேண்டும். தாராவி 13-ஆம் காம்பவுண்டில் எல்லாப் பழைய பொருளுக்கும் விலை உண்டு, டிஸ்க்கின் அலுமினிய உடலுக்கும்தான். ஆனால் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி பலகையோடு கூடிய டிஸ்க் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் போக வேண்டியது. அங்கே ஒப்படைப்பதாக இருந்தாலும் டேட்டாவை அழித்த பிறகே கொடுக்க வேண்டும்.